முகம் திருத்துகிறவள்

பிறத்தியார் முகத்தில் இருக்கிற பரு, தழும்பு, கருவளையம் எல்லாவற்றையும் துடைத்துப் போடுவதுதான் அவளுடைய பிழைப்பு. போட்டோ ஸ்டூடியோவின் உள்ளறையில், ஜன்னலே இல்லாத இடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். கடை முதலாளி அவளுக்கு வைத்த பெயர் டச்சப். "டச்சப், இந்தத் தம்பிக்குக் கொஞ்சம் முடி போடு," என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பார். போடுவாள். அரை வழுக்கையோடு வந்தவர்கள் அவள் கைபட்டு அடர்ந்த முடியோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். அந்தப் படத்தை நம்பிக் கல்யாணத்துக்குச் சம்மதித்தவர்கள் பிற்பாடு என்ன பாடுபட்டார்களோ, அது நமக்கெதற்கு?

ஜன்னல் இல்லாதது அவளுக்கு வசதியாகவே இருந்தது. அவளுக்கு லூபஸ். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே போட்டு அடிக்கிற வியாதி. வெயில் பட்டால் போதும், மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் சிவப்பு ஏறிவிடும். அது முகத்தோடு நிற்காது. காய்ச்சலையும் மூட்டு வலியையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்திருந்த பிறகுதான் பல் துலக்க முடியும். ஏசிக் குளிரில் விரல் நுனிகள் வெளுத்து, நீலம் பாய்ந்து, அப்புறம்தான் உயிர் வரும். இதெல்லாம் போதாதென்று ஒரு சோர்வு இருக்கிறது பாருங்கள், அதுதான் கொடுமை. தூங்கி எழுந்தாலும் மூட்டை சுமந்தவள் போலிருக்கும். யாரிடமாவது சொன்னால், "எனக்கும்தான் அசதியா இருக்கு," என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்டீராய்டு மாத்திரை அவள் முகத்தை உருண்டையாக்கியிருந்தது. "என்ன டச்சப், பூசினாப்ல ஆயிட்டே! வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு போல," என்றார் முதலாளி. நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் மூடாது. வீட்டுச் சாப்பாடாம்! ஒருத்திக்கு மட்டும், உப்பைக் குறைத்துச் சமைத்து, சுவரைப் பார்த்தபடி தின்பதற்கு அப்படி ஒரு பெயரா? அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வாடகை அறையில் அவள் மட்டும்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வாயே திறக்காமல் பொழுது போய்விடும். திங்கட்கிழமை கடைக்கு வந்து பேசும்போது தன் குரலே அவளுக்குப் புதிதாக இருக்கும்.

உறவென்று இருப்பவன் ஒரே அண்ணன். தூரத்து ஊரில் டயர் கடை வைத்திருக்கிறான். "பாப்பா, ஒரு போட்டோ அனுப்புடா, அண்ணி பாக்கணும்கிறா," என்று மாதா மாதம் கேட்பான். முதல் தடவை அவள் வேண்டுமென்று செய்யவில்லை. படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள், கை அதுபாட்டுக்குக் கன்னத்துச் சிவப்பை அழித்துவிட்டது. நாள் முழுக்க அதையே செய்கிற கைக்குப் பிறத்தியார் முகம், சொந்த முகம் என்று பேதம் உண்டா? "ராணி மாதிரி இருக்கேடா," என்று அண்ணன் பதில் போட்டான். அதை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அடுத்த மாதம் தெரிந்தே அழித்தாள். போகப்போக உருண்ட கன்னத்தை ஒடுக்கினாள், கொட்டிப்போன முன்முடியை நிரப்பினாள். வீடியோ காலில் வரச் சொன்னால், சிக்னல் இல்லை என்பாள். வியாதியைப் பற்றி ஆரம்பத்தில் அவனிடம் சொல்லித்தான் இருந்தாள். படங்களைப் பார்த்துப் பார்த்து, அது எப்போதோ சரியாகிவிட்டது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். அவளும் மறுக்கவில்லை.

இப்போது சிறுநீரில் நுரை தள்ளுகிறது. கால் வீங்கிச் செருப்பு ஏற மாட்டேன் என்கிறது.

"லூபஸ் கிட்னிக்குப் போயிருக்கான்னு பாக்கணும்மா," என்றார் டாக்டரம்மா. "ஊசி வழியா துளி சதை எடுத்துச் சோதிக்கணும். தள்ளிப் போட்டா கிட்னியே போயிடலாம். எடுத்தப்புறம் அசையாம படுத்திருக்கணும், கூட ஆள் வேணும். யார் வருவாங்க?"

"வருவாங்க டாக்டர்," என்றாள். குறித்த நாளில் தனியாகப் போய் நின்றாள். ஆள் இல்லாமல் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு தேதி வியாழக்கிழமை. மதியம் கடை காலியாக இருந்த நேரம் பார்த்து அண்ணனை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"பாத்தா நல்லாதானே இருக்கே பாப்பா? டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு. அடுத்த மாசம் பாப்போம்டா."

அவன் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவன் பார்த்த தங்கைக்கு வியாதியே கிடையாது, அவ்வளவுதான்.

போனை வைத்தவள், கடை விளக்கின் கீழே நின்று தன்னைப் படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் போடவில்லை, போட்டால் கை சும்மா இருக்காது. போனிலிருந்து அப்படியே அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். "ஏய், வேலை மும்முரத்துல யாரோ கஸ்டமர் போட்டோவை எனக்கு அனுப்பிட்டே பாரு. யாருடா அந்தம்மா? பாவம், உடம்புக்கு என்ன?"

அந்தக் குரலில் எவ்வளவு இரக்கம்! அவளுக்கு வந்திருக்க வேண்டியதை முன்பின் தெரியாத ஒருத்திக்கு அள்ளிக் கொடுக்கிறான்.

"அண்ணா, அது நான்தான்."

அந்தப் பக்கம் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மெஷினை அவன் நிறுத்துவது கேட்டது.

"அப்போ போன மாசம் வந்தது?"

அவள் உடைந்து அழுதாள். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"புதன்கிழமை கிளம்பறேன்," என்றான் கடைசியில்.

"ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கிறேண்ணா."

அவன் தயங்கினான். "பாப்பா, என்னைப் பாத்ததும் நீயே கூப்பிட்டுடு. நான்பாட்டுக்கு உன்னைத் தாண்டிப் போயிடப் போறேன்."