பக்தியா, எரிச்சலா

எரிச்சலூட்டும் சத்தம் கேட்டால் மனித உடம்பு என்ன செய்கிறது என்று அளந்து பார்க்க, எங்கள் சபையைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்திக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பதுளையில் எங்கள் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்திலேயே மேசை போட்டுக் காத்திருந்தாள். கணவரோடு நானும் போனேன்.

என் இரண்டு விரல்களில் வயர் மாட்டி, எதிரே ஸ்பீக்கரை வைத்தாள். உள்ளங்கையில் துளி வேர்வை கூடினாலும் கணினித் திரையில் ஓடும் கோடு எழும்பிவிடுமாம்.

ஸ்பீக்கரில் முதலில் தட்டில் கரண்டி கீறும் சத்தம் வந்தது. கோடு அசையவில்லை. குழந்தை வீரிட்டது, சுவரைத் துளைக்கும் மெஷின் அலறியது. ஊஹூம்.

"ஆன்ட்டி, உங்களுக்கு எரிச்சலே வராதா?"

"எங்க வீட்டுக்கு இந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை, அந்தப் பக்கம் மாவு மில்லு. இதெல்லாம் எனக்குத் தாலாட்டு, மகள்."

பின்பெஞ்சில் இருந்த என் கணவர், பொழுது போகாமல், காலையில் பாடிய கீர்த்தனையை முணுமுணுக்கத் தொடங்கினார். பாடகர் குழுவில் அவர் பழைய ஆள். ஆர்மோனியம் ஒரு பக்கம் போனால் அவர் சுருதி வேறு பக்கம் போகும். யாரும் அதை அவரிடம் சொன்னதில்லை. நானும்தான்.

கோடு செங்குத்தாக ஏறியது. என் கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

மாணவி ஸ்பீக்கரைப் பார்த்தாள். "அடுத்த சத்தத்த நான் இன்னும் போடவே இல்லையே!"

கணவர் எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா மகள்? பக்தி! இத்தன வருஷத்துக்கு அப்புறமும் என் பாட்டக் கேட்டா இவளுக்குப் புல்லரிக்குது."

"இருக்கலாம் அங்கிள். ஒடம்பு அசையுதுன்னு மட்டும்தான் மெஷின் சொல்லும். புடிச்சு அசையுதா, புடிக்காம அசையுதான்னு ஆன்ட்டிதான் சொல்லணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கோடு இன்னும் ஏறியது.

"நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு பாடுனா நல்லாயிருக்கும்" என்றேன்.

"கொரல் அவ்வளவு கம்பீரம்ங்கிறா" என்று அவர் மாணவிக்கு விளக்கினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும் என்று, வயர்களை நானே கழற்றிவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் குழுவின் முன்வரிசையில் போய் நின்றார். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் என் கையையே எட்டிப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த அக்கா, "குளிருதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.