சுவருக்குக் கட்டிய வலைக்கயிறு

எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒல்லாந்தர் காலத்துச் சுவர் ஒன்று நின்றது. அவர்கள் சரக்கு வைத்திருந்த கிடங்கின் மிச்சம் அது என்பார்கள். எங்கள் ஓட்டு வீட்டைவிட உயரம். அந்த வருஷத்துப் புயல் மழையில் எங்கள் பின்னறைப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பஞ்சாயத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, இடித்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பின்னறையில்தான் என் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். தீட்டு கழியாமல் தாயையும் பிள்ளையையும் அந்த அறையைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஓட்டு இடுக்கு வழியாகச் சுண்ணாம்புத் தூள் குழந்தைமேல் உதிரும். முந்தானையால் துடைத்துவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "கடல்லேர்ந்து பெரிய வலையவே இழுத்துப் போடறோம். இந்த ஒத்த செவுரு வராதா? கயிறு கட்டி அந்தாண்ட இழுத்தா அந்தாண்ட விழுந்துட்டுப் போவுது."

ஆண்கள் பேசும் இடத்தில் நான் வாய் திறந்ததில்லை. அன்றும் திறக்கவில்லை. ஆனால் பயம் விடவில்லை. ஆரம்பாக்கத்தில் பழைய கட்டடம் இடிக்கிற காண்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார், கடைத்தெருவில் அவர் ஒரு கடையை இடித்தபோது பக்கத்துக் கடைக் கண்ணாடிகூட உடையவில்லை என்று மீன் விற்கிற ஒருத்தி சொன்னாள். மகளுக்கு மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் கூப்பிடாமல் நின்றேன். அவரே எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, யாரப் பாக்கணும்?"

"செவுரு சாஞ்சிக்கினு கீது" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் வருவதற்குள் என் வீட்டுக்காரரும் அவரோடு வலை இழுப்பவர்களும் சுவரில் கயிறு கட்டிவிட்டார்கள். ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று, பாட்டுச் சொல்லி இழுத்தார்கள், விட்டார்கள், மறுபடி இழுத்தார்கள். வலை இழுக்கிற மாதிரியேதான். விடும்போதெல்லாம் சுவர் எங்கள் அறைப் பக்கம் வந்து போனது.

காண்ட்ராக்டர் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஆட்டாதீங்க! மெதுவா தளத்துங்க!"

"யாருய்யா நீ?" என்றார் வீட்டுக்காரர்.

"செவுரு இடிக்கறவன்ணா. வலைய வுட்டு வுட்டு இழுக்கலாம். செவுத்த இழுக்கக் கூடாது. நீங்க மூச்சு வாங்கறப்பல்லாம் அது பின்னாடி போவுது பாருங்க. பின்னாடி யாரு கீறாங்க?"

"செவுத்துக்கு நாடி பாக்க வந்துட்டாரு வைத்தியரு" என்றார் என் கொழுந்தனார்.

"எம் பொண்ணு" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "பச்சப் புள்ளையோட."

"மொதல்ல அவங்கள வெளிய இட்டுக்கினு வாங்க" என்றார் காண்ட்ராக்டர்.

"தீட்டு கழியலியே" என்றார் வீட்டுக்காரர், குரல் இறங்கி.

"அது உங்க பாடு. ரூம் காலியாவாம நான் ஒரு கல்லத் தொடமாட்டேன்."

வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் நின்றுபோயிருக்கும். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்து நடத்தி வந்தேன். எதிர்வீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாள்.

காண்ட்ராக்டர் வரவழைத்த ஆட்கள் சாரம் கட்டி, மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார்கள். கல் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் குழந்தையின் காதைப் பொத்தினேன். மத்தியானம் ஒரு பெரிய சத்தம். தரை அதிர்ந்தது.

"இன்னாமா அது?" என்றாள் மகள்.

கொஞ்ச நேரம் கழித்து, உடம்பெல்லாம் தூசியாகக் காண்ட்ராக்டர் எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றார். "செவுரு அடில உள்ளாற மண்ணாப் பூடிச்சிமா. கீழ்ப்பாதி சொல்லாம கொள்ளாம உக்காந்துடிச்சி. எங்காளுங்க எகிறிக் குதிச்சிட்டாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா உங்க பின்னறை இடிஞ்சி பூடிச்சி."

அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "கொழந்த அழுவுதா?" என்று கேட்டார்.

"தூங்குது" என்றேன்.