பயப்படத் தெரியாத ராஜகுமாரி

அந்த ராஜகுமாரிக்குப் பயப்படத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவள்மீது இருந்த ஒரே குற்றச்சாட்டு அதுதான். மற்றபடி நல்ல பெண். வாள் சுழற்றுவாள், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவாள், வசனத்தை விழுங்காமல் பேசுவாள். ஆனால் பூதம் எதிரே வந்து நின்றதும் கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்குப் பல்வலியோ என்று தோன்றும்.

தமிழ்ச் சேனல் ஒன்றில் தினமும் ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்த மாயாஜாலத் தொடர் அது. கடலுக்கு அடியில் ஒரு ராஜ்யம். ராஜாவை ஒரு சூனியக்காரி சங்குக்குள் அடைத்துவிடுகிறாள். அவருடைய மூன்று பிள்ளைகள் அவரைத் தேடிக் கிளம்புகிறார்கள். மூத்தவள்தான் இந்தப் பல்வலிக்காரி. நடுவில் ஒரு பையன். அவன் பிறவி நடிகன், சும்மா நின்றாலே பார்த்துக்கொண்டிருக்கலாம். கடைக்குட்டி, தயாரிப்பாளருக்கு வேண்டப்பட்டவர் யாருடைய பிள்ளையோ என்பது என் கணிப்பு. அப்பா தொலைந்துபோன காட்சியில்கூடக் கேமராவைப் பார்த்துச் சிரித்தது.

விளம்பரம் வந்ததும் நாங்கள் மார்க் போடுவோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்கக் கூடாது என்பதற்காக, என் மகள் "ஏக், தோ, தீன்" என்று இந்தியில் மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரல்களை நீட்ட வேண்டும். பத்துக்கு எத்தனை என்பது கணக்கு. என் கணவர் ஒரு கான்ட்ராக்டரிடம் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். மாதத்தில் பாதி நாள் கடல் தாண்டி இன்னொரு தீவில், ஹட் பேயில், கட்டட வேலையில் இருப்பார். அங்கே இருந்தால் அதே தொடரைப் பார்த்துவிட்டுப் போனில் கத்துவார், "எட்டு! எட்டு!" என்று. யாருக்கும் ஏழுக்குக் கீழே போட்டதில்லை.

"அப்பா, நீங்க ஒருத்தர் பொறந்ததுக்கே மார்க் போடுவீங்க போல" என்பாள் மகள். அவள் ஆறாம் வகுப்பு. மகா கறார்.

நான் அதற்கும் மேல். அலுவலகத்தில் லீவு விண்ணப்பம் வாங்கும் சீட்டில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரே மாமாவை மூன்று முறை சாகடித்தவரை எனக்குத் தெரியும். கண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்கிவிடுகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பொய் முகத்தை யார் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்ற திமிரும் இருந்தது.

அது ஜூன் மாதம். மழைக்காற்று வலுத்திருந்தது. காலையில் கணவர் ஹட் பே படகுத்துறையிலிருந்து போன் பண்ணினார்.

"போட் ஏறிட்டேன். கடல் கொஞ்சம் ஆடுது. சாயங்காலம் சீரியலுக்கு வீட்ல இருப்பேன்."

"வாந்தி மாத்திரை போட்டீங்களா?"

அவர் என்னவோ சொன்னார், பின்னால் யாரோ கத்தினார்கள், அதற்குள் டவர் போய்விட்டது. கரையை விட்டு விலகிய போட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே அப்புறம் எந்தப் பேச்சும் கிடையாது. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். பழகிவிடும் என்பார்கள், எனக்குப் பழகியதே இல்லை.

மத்தியானம் அலுவலகத்தில் பக்கத்து சீட் பெங்காலிக்காரர் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒருநாளும் பேசியவரில்லை.

"தீதீ, பாயி சாப் ஆஜ் ஆ ரஹே ஹைன் ந? ஹட் பே போட் கா இஞ்சின் பந்த் ஹோ கயா, போல் ரஹே ஹைன்."

என் கணவர் இன்றைக்குத்தானே வருகிறார் என்று கேட்டார்; அந்த போட்டுக்கு நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிட்டதாம். நான் கத்தவில்லை. கையைக் கன்னத்தில் வைக்கவில்லை. "அச்சா" என்றேன். கையில் இருந்த பேனாவின் மூடியைப் போட்டேன், எடுத்தேன், மறுபடியும் போட்டேன். இஞ்சின் ஓடினால்தான் போட் அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். இஞ்சின் நின்றால் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அப்புறம் அலை விலாவில் அடிக்கும். தீவில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

கப்பல் விசாரணை எண்ணுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒருவர் எடுத்தார். இழுத்துவர டக் படகு போயிருக்கிறது, டென்ஷன் வேண்டாம் மேடம் என்றார், இந்தியில்.

"ஆளுங்க எல்லாம் சேஃப்தானே?" என்று நானும் இந்தியில் கேட்டேன்.

உடனே பதில் வரவில்லை. பின்னால் வேறொரு போன் அடிக்கும் சத்தம் கேட்டது. "காண்டாக்ட் நஹீ ஹோ ரஹா, மேடம்" என்றார். தொடர்பு கிடைக்கவில்லையாம். அவர் என்ன சொன்னார் என்பதைவிட, சொல்வதற்கு முன் எடுத்துக்கொண்ட அந்த நேரம்தான் என்னைக் கொன்றது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது முடிவு பண்ணிக்கொண்டேன். மகளிடம் சொல்லக் கூடாது. அப்பா என்றால் அவளுக்கு உயிர். தெரிந்தால் தாங்க மாட்டாள். எதுவும் நடக்காத மாதிரி இருந்துவிட வேண்டியதுதான். நடிப்பைப் பற்றி இத்தனை பேசுகிறவள், ஒரு சாயங்காலம் நடிக்க முடியாதா என்ன?

எங்கள் ஊரில் ஐந்தரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். எங்கள் ஸ்டாப்பான லம்பா லைனில் இறங்கியபோது மழை பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி வாசலிலேயே நின்றிருந்தார். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நான் வரும்வரை மகள் அவர் வீட்டில்தான் இருப்பாள். என்னைப் பார்த்ததும் அவர் வாயைத் திறந்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு வேகமாகத் தலையாட்டினார். எவ்வளவு நல்ல மனுஷி, சொல்லாமலே புரிந்துகொள்கிறாரே என்று நினைத்தேன்.

மகள் அன்றைக்குத் தானாகவே டிபன் டப்பாவைக் கழுவி வைத்திருந்தாள். யூனிஃபார்மை மடித்து வைத்திருந்தாள். நான் கேட்காமலே, "அம்மா, ஹோம்வொர்க் முடிச்சிட்டேன்" என்றாள்.

"என் தங்கம்" என்று சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு சற்றுப் பெரிதாகவே வந்துவிட்டது.

தோசை வார்த்தேன். ஏதோ பாட்டை முணுமுணுத்தேன். நான் சமைக்கும்போது பாடுகிற ஆளே கிடையாது. போனை அதிர்வில் வைத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். அது அதிர்கிறதா, என் நெஞ்சு அதிர்கிறதா என்று தெரியாமல் அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். ஒரு தரம் கான்ட்ராக்டரின் ஆள் கூப்பிட்டார். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் பேசினேன். ஏதாவது தெரிந்ததா என்று அவர் என்னைக் கேட்டார். நான் அவரைக் கேட்டேன். இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. வெளியே தென்னை மட்டை ஒன்று கூரைத் தகரத்தில் விழுந்தது, நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கடலில் இந்தக் காற்று எப்படி இருக்கும் என்று நினைக்கவே கூடாது என்று சொல்லிச் சொல்லி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினேன்.

ஏழு மணிக்குத் தொடர் ஆரம்பித்தது. அன்றைக்கென்று பார்த்து, ராஜகுமாரி கரையில் நின்று அப்பாவுக்காகக் காத்திருக்கும் காட்சி. தலைமுடி பறக்க, கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை வழக்கம்போலக் கன்னத்தில் வைத்திருந்தாள். டிவியை அணைத்துவிடலாமா என்று பார்த்தேன். அணைத்தால் ஏன் என்று கேட்பாள். சமையலறை வாசலில், தட்டும் துணியுமாக நின்றுகொண்டேன்.

"பில்குல் நக்லி" என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சுத்தப் போலியாம். "காத்திருக்கறவங்க இப்படியாம்மா கடலையே பாத்துட்டு நிப்பாங்க?"

"பின்னே?"

"வேற ஏதாவது வேலை பாப்பாங்க. பாத்திரம் கழுவுவாங்க."

கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"அப்புறம், பயந்தா கத்த மாட்டாங்கம்மா. பயந்தவங்க ரொம்ப நல்ல பிள்ளையா ஆயிடுவாங்க."

அடடா, எப்படிக் கவனிக்கிறாள் இந்தப் பெண் என்று அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. விளம்பரம் வந்தது. "ஏக், தோ, தீன்" என்றாள். நான் இரண்டு விரல் காட்டினேன், அவளும் இரண்டு. மற்ற நாள் என்றால் உடனே என் போனை எடுத்து நீட்டி, "அப்பா எவ்வளவு போட்டாருன்னு கேளும்மா" என்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. நல்லவேளை, மறந்துவிட்டாள் என்று மூச்சு விட்டேன்.

சாயங்காலம் வருவதாகக் காலையில் சொன்ன அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஒரே மாமாவை மூன்று முறை சாகடித்தவரைக் கண்டுபிடித்த எனக்கு, இது உறைக்கவில்லை.

விளம்பரம் முடிவதற்குள் மழை வலுத்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, ராஜகுமாரியின் பாதி முகத்தோடு நின்றுவிட்டது. சிக்னல் இல்லை என்று திரையில் வந்தது. அடுத்து கரண்ட் போயிற்று.

தீவில் கரண்ட் போனால் முழு இருட்டு. பக்கத்து வீட்டுச் சுவர்கூடத் தெரியாது. எமர்ஜென்சி லைட் அலமாரியில் இருந்தது. நான் எடுக்கப் போகவில்லை. முகத்தை யாரும் பார்க்க முடியாது என்றதும், மத்தியானத்திலிருந்து பிடித்துவைத்திருந்ததெல்லாம் கழன்று விழுந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். சத்தம் வராமல் இருக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். போட் சாய்வது கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும். அந்தக் கடலில் நீச்சல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது.

தரையில் ஏதோ உரசியது. மகள் தவழ்ந்து வந்திருக்க வேண்டும். ஒரு சின்னக் கை என் முழங்காலைத் தேடிப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

"அம்மா. கரண்ட் போயிருச்சு. இனிமே நடிக்க வேண்டாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னடி?" என்றேன்.

"போட் இஞ்சின் நின்னுருச்சுன்னு எனக்குத் தெரியும். ஸ்கூல் வேன் டிரைவர் போன்ல பேசிட்டு வந்தாரு. ஆன்ட்டிக்கும் நான்தான் சொன்னேன். அம்மா பாவம், அவங்களுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா பயப்படுவாங்க, நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்கன்னு ப்ராமிஸ் வாங்கினேன். நீ பாட ஆரம்பிச்சதுமே உனக்கும் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்த ஆன்ட்டியின் தலையாட்டல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே வாசலில் ஒரே மனுஷியின் வாயைத் தாயும் மகளுமாகப் பூட்டியிருக்கிறோம். கழுவிய டிபன் டப்பா, மடித்த யூனிஃபார்ம், கேட்காமலே முடித்த ஹோம்வொர்க் எல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இந்தப் பயத்தை இவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். அதுவும் எனக்காக. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"அப்பா வந்துருவாங்களாம்மா?"

வந்துவிடுவார் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். "தெரியலடி. எனக்கும் பயமா இருக்கு" என்றேன். அவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள், வாய்விட்டு, மூக்கு ஒழுக. நானும் அழுதேன். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் நாங்கள் அழுவது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. பயம் குறையவில்லை. ஆனால் அவள் கை மட்டும் மெல்லச் சூடானது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. ஜாக்கெட்டுக்குள் ஏதோ அதிர்ந்தது. நெஞ்சு இல்லை, போன்தான். தெரியாத எண். எடுக்கவே பயமாக இருந்தது. மகள்தான் என் ஜாக்கெட்டிலிருந்து உருவி, பட்டனை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு என் கையில் திணித்தாள்.

காற்றின் இரைச்சல். யார் யாரோ கத்தினார்கள். பிறகு அவர் குரல்.

"அலோ? கேக்குதா? நான்தான். என் போன் நனைஞ்சுபோச்சு, பக்கத்துல இருக்கறவர் போன்ல பேசறேன். போட் கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான். சும்மா சின்ன ரிப்பேர். டக் வந்து இழுத்துட்டு வருது, கரை தெரியுது, டவர் கிடைச்சிருச்சு. ஒண்ணுமே இல்ல. ஜாலியாத்தான் இருக்கோம் இங்க. பாப்பா தூங்கிருச்சா? சீரியல் பாத்தீங்களா?"

அவருக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் நடுங்கியது. ஜாலி என்ற இடத்தில் குரல் உடைந்து, இருமுவது போலச் சமாளித்தார். அப்படி ஒரு மோசமான நடிப்பை நாங்கள் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒன்றுக்கு மேல் கிடைக்காது.

போன் வெளிச்சத்தில் மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "ஏக், தோ, தீன்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரல்களையும் விரித்தாள்.

என் ஒரு கையில் போன் இருந்ததால் நான் ஐந்துதான் காட்ட முடிந்தது. அவள் முறைத்தாள். போனை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, இப்போது போடு என்பது போல என் கைகளைப் பார்த்தாள்.