அரசன் இந்தியில் விடைபெற்ற ஞாயிறு

முதலில் அதைப் பீற்றூட் என்றுதான் நினைத்தேன்.

காலையில் பல் தீட்டிவிட்டுக் காறித் துப்பியபோது கிணற்றடிச் சீமெந்தில் சிவப்பாக ஏதோ கிடந்தது. முதல்நாள் மத்தியானம் வீட்டில் பீற்றூட் கறி. சரி என்று தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விட்டேன். அடுத்த நாளும் சிவப்பு. அதற்கு முதல்நாள் சாப்பிட்டது கத்தரிக்காய். ஆனாலும் நான் பீற்றூட்டைக் கைவிடவில்லை. வயிற்றில் மிச்சம் இருந்திருக்கும் என்று மனைவிக்கு விளக்கம் கொடுத்தேன்.

"இருமேக்கை வயித்துக்குள்ளை இருந்தே வாறது?" என்று அவள் கேட்டாள். எனக்கு அது அவசியமில்லாத கேள்வியாகப் பட்டது.

அப்போது நான் பண்டத்தரிப்பில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையின் மனேச்சர். சில மாதங்களாகவே மெலிந்துகொண்டு வந்தேன். பெல்ற்றில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். சீனி வாங்க வந்த பெண்கள் "மனேச்சர் வடிவாய் மெலிஞ்சிட்டார்" என்றதும், சேட்டைக் காற்சட்டைக்குள்ளே விட்டு உடுத்தத் தொடங்கினேன். கிருமி என்னை உள்ளிருந்து தின்றுகொண்டிருக்க, நான் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது சில கிழமைகளாக இருமல் நிற்காமல் இருந்தால், தயவுசெய்து கறிகளைக் குற்றம் சொல்லாதீர்கள். போய்ச் சளியைச் சோதிக்கக் கொடுங்கள்.

டொக்டர் என் எக்ஸ்றேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலப்பக்க நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி. சயரோகம் (காற்றில் தொற்றும் ஒருவகைக் கிருமியால் வந்து, பெரும்பாலும் நுரையீரலை அரிக்கும் நோய்).

"கலியாணம் முடிச்சனீரோ?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர். அதாலையோ வந்தது?"

அவர் சிரிக்கவில்லை. "பிள்ளையளைக் கொஞ்சக் காலத்துக்குக் கிட்ட எடாதையும்" என்றார். அதன் பிறகு நானும் சிரிக்கவில்லை.

வடக்குக் கடற்கரையில், கடற்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று நம்பிய காலத்தில் கட்டிய ஆசுப்பத்திரி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். நீளமான வாட்டு. இரண்டு பக்கமும் கட்டில்கள். எல்லாக் கட்டில்களிலும் இருமல். நாளுக்கொரு ஸ்ரெப்டோமைசின் ஊசி (பின்பக்கத்தில் ஏறும், காதில் இரையும்). காலையில் வெறுவயிற்றில் கைநிறையக் குளிசை. அவற்றில் றிஃபாம்பிசின் என்பது சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். சொல்லிவைத்திருந்தும், முதல்நாள் கக்கூசுக்குள் இருந்து நான் போட்ட சத்தத்தில் தாதி மிஸிமார் இருவர் ஓடிவந்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யத் தேவையில்லை. அது குளிசையின் நிறம்.

பக்கத்துக் கட்டிலில் கணேசண்ணை. புத்தூரில் வெங்காயம் செய்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைப் போலவே எலும்பு. அவருக்கு அது மூன்றாம் முறை.

"முதல் ரெண்டு முறையும் இடையிலை குளிசையை விட்டிட்டன்" என்றார். "காய்ச்சல் நிண்டிட்டுது. நல்லாய்ப் பசிக்குது. வெங்காயம் கிண்டிற நேரம். பிறகென்னத்துக்குக் குளிசை எண்டு நினைச்சன்."

நோய் போய்விட்டது என்று உடம்பு சொல்லும். அதை நம்பக்கூடாது. இதை எனக்கு விளங்கவைத்தது கணேசண்ணையின் நெஞ்சு.

வாட்டின் முடிவில் ஒரு மண்டபம். அதில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. யாரோ ஒருவருடைய மகன் சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கித் தந்தது. நீளக் குழாயில் அன்ரனா. கொழும்பை விட அக்கரை எங்களுக்குக் கிட்ட என்பதால் இந்தியப் படம்தான் துப்புரவாக விழும். காற்று மாறினால் மட்டும் பூச்சி பறக்கும்.

ஞாயிறு காலைகளில் ஓர் அரசர் தொடர்நாடகம் வந்தது. நாட்டை இழந்து, மனைவியோடும் விசுவாசமான சில வீரர்களோடும் காட்டில் அலைகிற ஓர் அரசன். மணிமுடியை ஒரு துணியில் சுற்றிக் குதிரையில் கட்டி வைத்திருப்பான். தலையில் வைக்கமாட்டான். நாடகம் முழுக்க இந்தி. வாட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் ஊசிக்கு எழும்பாதவர்கள்கூட அதற்கு எழும்பி, முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து வந்து குந்துவார்கள். சிலர் திருநீறும் பூசிக்கொண்டு வருவார்கள்.

அது இந்திய இராணுவம் எங்கள் வீதிகளில் நின்ற காலம். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் காவலரணில் கற்றது: நில், இறங்கு, போ. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு நான் வாட்டின் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். எனக்குத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே கேட்டார்கள். அரசன் வாயைத் திறந்தால் நானும் திறப்பேன்.

"இஞ்சை பார் தளபதி, உந்தப் பருப்பிலை தண்ணியைத் தவிர வேறை என்ன கிடக்கு?"

அரசி கண் கலங்கினால், "இஞ்சேருங்கோ, சண்டைக்குப் போறதெண்டால் குளிசையைப் போட்டிட்டுப் போங்கோ."

தலைமைத் தாதி, மேற்றன், கதவடியில் வந்து நிற்பா. "மனேச்சர், இது ஆசுப்பத்திரியோ, கூத்துக் கொட்டகையோ?" என்பா. பிறகு அவவும் அரசி வரும்வரை நிற்பா.

சிரிக்காத ஒரே ஆள் கணேசண்ணை. கதிரையின் நுனியில் இருப்பார். "பொத்தடா வாயை" என்பார். "அவன் ஒரு அரசன்."

"அரசன் எண்டாலும் பருப்புத்தானே அண்ணை தின்னவேணும்."

"எல்லாத்தையும் துலைச்சுப்போட்டு நிக்கிறான். பாத்தியே, குதிரைக்கு முதல் தண்ணி குடுத்துப்போட்டுத்தான் தான் குடிக்கிறான். அவன் நாட்டைப் பிடிப்பான். பாத்துக்கொண்டிரு."

இரண்டாம் மாதத்தில் என் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. பசித்தது. நிறை கூடியது. கணேசண்ணையும் அதே குளிசையை, அதே மிஸியின் கையால், அதே நேரத்தில் விழுங்கினார். அவருடைய சளியில் கிருமி அப்படியே இருந்தது. ஒருநாள் டொக்டர் அவருடைய கட்டிலடியில் நின்று சின்ன டொக்டருக்கு ஆங்கிலத்தில் நிறையச் சொன்னார். சங்கக்கடை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் பிடித்தது இவ்வளவுதான்: கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. வேறு மருந்து கொழும்பிலிருந்து வரவேண்டும். எப்போது வரும் என்று தெரியாது.

அவர்கள் போனதும் கணேசண்ணை என் பக்கம் திரும்பினார். "என்னவாம் மனேச்சர்?"

"மருந்தை மாத்தப் போகினமாம் அண்ணை."

"அப்ப நல்லது."

டொக்டரை நடையில் மறித்துக் கேட்டேன். "எழுதியிருக்கிறன்" என்றார். "திரும்பவும் எழுதிறன். எழுதிறதைத் தவிர என்னாலை என்ன ஏலும், சொல்லும்?" சண்டைக்காலம். பாதை ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் பூட்டும். கணேசண்ணையின் மனைவி பூமணி அக்காவுக்கே புத்தூரிலிருந்து வர ஒழுங்கான பஸ் இல்லை. மருந்துக்கு மட்டும் யார் வழி விடுவார்கள்?

அதற்குப் பிறகு அவர் மண்டபத்துக்கு நடக்க முடியாமல் போனார். ஒவ்வொரு ஞாயிறும் நாடகம் முடிந்ததும் நான் வந்து சொல்லவேண்டும். பகிடி சேர்க்காமல். "குதிரை நிக்குதோ?" என்றுதான் முதலில் கேட்பார்.

நாடகம் முடியப்போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தது பெண்கள் வாட்டு. அங்கே ஒருத்தியின் தம்பி சென்னைப் பத்திரிகையில் பார்த்தானாம். வருகிற ஞாயிறு கடைசி.  வாட்டில் ஆளாளுக்குக் கதைக்கத் தொடங்கினார்கள். அரசன் நாட்டைப் பிடிப்பான் என்று ஒரு கட்சி. செத்துப்போவான் என்று ஒரு கட்சி. சும்மா வழியனுப்பக் கூடாது, ஏதாவது செய்யவேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை. பெண்கள் வாட்டு, பார்க்க வந்த சொந்தக்காரரைப் பிடித்து மோதகம் அவித்து எடுப்பித்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்குச் செவ்வரத்தம்பூ மாலை கட்டினார்கள். வீதியில் கேட்டால் நெஞ்சு இடிக்கிற பாஷைக்கு மண்டபத்துக்குள் மாலை.

"எப்பிடியும் என்னைக் கொண்டுபோங்கோடா" என்றார் கணேசண்ணை.

கட்டிலோடு தள்ளுவது என்று முடிவு செய்தோம். கட்டிலின் சில்லுகள் துருப்பிடித்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. தள்ளியவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் இரண்டு முழு நெஞ்சு தேறாது. கொஞ்சம் தள்ளுவோம், கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைப்போம், பிறகு கொஞ்சம் தள்ளுவோம். "தேர் இழுக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கணேசண்ணை மேலே இருந்து சொன்னார். மேற்றன் வந்து பார்த்தா. ஏசப்போகிறா என்று நினைத்தோம். கால்மாட்டுப் பக்கம் போய்த் தானும் பிடித்தா.

அன்றைக்குக் காற்று இல்லை. படம் துப்புரவாக விழுந்தது.

அரசன் ஓர் ஆற்றங்கரைக்கு வந்தான். அக்கரையில் அவனுடைய நாடு. வீரர்கள் வரிசையாக நின்றார்கள். அவன் துணியை அவிழ்த்து முடியைக் கையில் எடுத்து, அவர்களைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினான். நிறுத்தாமல் கதைத்தான். அந்த நாடகத்தில் அவன் அவ்வளவு நேரம் கதைத்ததே இல்லை. வீரர்கள் அழுதார்கள். அரசி அழுதாள். எங்கள் மண்டபத்திலும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குதிரையின் கழுத்தைத் தடவி, ஏதோ சொல்லி, தனியே நடந்து மரங்களுக்குள் மறைந்தான். எழுத்து ஓடியது. அவ்வளவுதான்.

நாட்டைப் பிடிக்கப் போனானா? விட்டுவிட்டுப் போனானா? சாகப் போனானா? ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லாம் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"மனேச்சர்" என்றார் கணேசண்ணை. "என்ன சொன்னவன்?"

நான் பெட்டியின் மாலையைச் சரிசெய்தேன்.

"பகிடி விடாமல் சொல்லு. என்ன சொன்னவன்?"

அவ்வளவு நீளப் பேச்சில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று வந்தது. அது 'போ'. குதிரைக்குச் சொன்னதா, வீரர்களுக்குச் சொன்னதா, அதுவும் தெரியாது. அந்தக் கட்டிலில் கிடந்த மனிதரைப் பார்த்து அந்தச் சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை.

"தெரியாதண்ணை."

"இவ்வளவு நாளும் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரிக் கதைச்சாய்."

"அது பகிடிதானே அண்ணை."

"பகிடி எண்டு எனக்குத் தெரியாதே? இப்பதான் கேக்கிறன்."

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் சவர்க்கார விளம்பரம் போனது. கணேசண்ணை கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"சரி விடு. நான் சொல்லுறன்" என்றார். "வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சது காணும், மிசினை நிப்பாட்டுங்கோ எண்டிருப்பான். வேறென்ன."

ஒருவரும் அசையவில்லை. அவர் சுற்றிவரப் பார்த்தார். "சிரியுங்கோவன்ரா. மனேச்சர் சொன்னால் மட்டும்தான் சிரிப்பியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளனுக்குத்தான் வாய் வரவில்லை. மோதகத்தைப் பகிர்ந்தோம். அவர் பாதி தின்றார்.

அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்கு எல்லோரும் தலை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டோம். பயிர்ச்செய்கை பற்றி ஒருவர் இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். முடியும்வரை இருந்து பார்த்தோம். மொழிபெயர்க்கச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

கொழும்பு மருந்து வரவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது கணேசண்ணை இருமினார். நிற்கவில்லை. இரத்தம் வந்தது (நோய் நுரையீரலின் இரத்தக்குழாயை அரித்து உடைத்தால் இப்படி வரும்). நான் மிஸியைக் கூப்பிட்டேன். கோப்பை பிடித்தேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. மிஸி ஓடிவந்தா, டொக்டர் ஓடிவந்தார். அவர்கள் ஊசி போட்டார்கள், சரித்துக் கிடத்தினார்கள். அவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். வெங்காயம் கிண்டிய கை, நல்ல பிடி. என் மணிக்கூடு தோலுக்குள் ஏறியது. அந்தப் பிடி மெல்ல மெல்ல இளகியதை நான் மணிக்கட்டால் அறிந்தேன்.

பாதை பூட்டியிருந்தது. பூமணி அக்கா அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தா. அழுது முடித்து, அவருடைய சாரங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டா.

"கடைசியாய் என்ன தம்பி சொன்னவர்?"

அந்த நேரத்தில் சொல்வதற்கு ஆயிரம் வசனம் எனக்கு வரும். ஓர் அரசனுக்கே வாய் கொடுத்தவன்.

"ஒண்டும் சொல்லேல்லை அக்கா. சொல்ல ஏலாமல் இருந்தது. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவர்."

"எந்தக் கையை?"

நீட்டினேன். அவ சாரத்தை வைத்துவிட்டு அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தா. பஸ் போய்விடும் என்று கூட வந்தவர் சொல்லும்வரை விடவில்லை.

எனக்குச் சுகம் வந்தது. கடைசிக் குளிசை வரைக்கும் விழுங்கினேன். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டுகிற நாளில் டொக்டர் புது எக்ஸ்றேயைக் காட்டினார். குழி மூடி, அந்த இடத்தில் ஒரு தழும்பு. "அதே மருந்துதானே டொக்டர் அவருக்கும்" என்றேன். "ஓம்" என்றார். துண்டில் கையெழுத்து வைத்து நீட்டினார். பிறகு சண்டை திரும்பவும் மூண்டு கரையோரச் சனம் எல்லாம் இடம்விட்டு எழும்பியபோது, அந்த வாட்டும் வெறுமையானது.

இப்போது எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடினால் இடையில் இறங்கி நிற்கவேண்டும். மழைக்கு முதல் தழும்பு எனக்குச் சொல்லும். நீங்களும் இப்படிச் சில புதுப் பழக்கங்களோடு வீட்டுக்குப் போவீர்கள், பயப்பட ஒன்றுமில்லை.

மணிக்கூட்டை மட்டும் வலது கைக்கு மாற்றிவிட்டேன். இடது மணிக்கட்டில் எதுவும் இறுக்கினால் தாங்க முடிவதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு, இனிமேல் என் நேரம் சரியான பக்கத்தில் என்று ஏதாவது பகிடி விடுவேன். ஆனால் யாராவது நேரம் கேட்டால் இன்றைக்கும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது இடது கையைத்தான். அங்கே ஒன்றும் இருக்காது. கேட்டவர் காத்துக்கொண்டு நிற்பார். நானும் அந்த வெறுங்கையைப் பார்த்தபடி கொஞ்சம் நிற்பேன்.