வானம் தெரிகிற கூரை

எங்கள் திருவொற்றியூர் வீட்டின் மாடி அறையில் அந்த வருஷம் ஒரு யூதப் பெண் குடியிருந்தாள். எண்ணூர் கழிமுகத்துச் சேற்றில் எவ்வளவு நிலக்கரிச் சாம்பல் கலந்திருக்கிறது என்று ஆராய லண்டனிலிருந்து வந்தவள். அவளுக்கு மொழிபெயர்க்கவும் கூடச் சேறு அள்ளவும் நான். எம்.எஸ்சி. முடித்த கையோடு கடவுளையும் முடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அப்பா மீன்பிடி லாஞ்சில் கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா சூடம் காட்டுவாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். செதிலும் துடுப்பும் இருக்கிற மீன்தான் சாப்பிடுவேன், இறால், நண்டு, கடம்பா என்கிற கணவாய் எதுவும் கூடாது என்று அந்தப் பெண் சொன்னதை அம்மாவால் ஜீரணிக்கவே முடியவில்லை. "வெல ஒசந்ததெல்லாம் வாணாம்னு எந்த சாமிம்மா சொல்லுது?" என்று கேட்டாள். ஆனாலும் தினமும் அவளுக்காக நல்ல சங்கரா மீனாகப் பார்த்து ஒதுக்கி வைப்பாள். யூதப் புத்தாண்டுக்கு அந்தப் பெண் ஆப்பிளைத் தேனில் தொட்டுக் கொடுத்தபோது நாங்கள் ஆளுக்கு இரண்டு துண்டு தின்றோம். சில நாள் கழித்து அவள் ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். சாமி படமே இல்லாமல் விரதமா என்று அம்மாவுக்கு ஆச்சரியம். எனக்கோ எல்லாமே சுவாரசியம்; கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு அவளைப் படுத்தி எடுத்தேன்.

அடுத்து வந்தது குடில் பண்டிகை. எகிப்தை விட்டு வந்த முன்னோர்கள் பாலைவனத்தில் குடில்களில் வாழ்ந்ததன் நினைவாக ஒரு வாரம் குடிலில் சாப்பிட வேண்டும். அம்மாவின் தம்பி வலை வைக்கும் கொட்டகை கட்டுகிறவர். மாடியில் ஒரு குடில் போட்டுத் தர அவரே முன்வந்தார்.

அதே வாரத்தில்தான் அப்பா போன லாஞ்சைப் பற்றித் தகவல் இல்லாமல் போனது. காற்று எச்சரிக்கை வந்து மற்ற லாஞ்சுகள் கரை திரும்பிவிட்டன. அப்பாவுடையது வரவில்லை, வயர்லெஸ்ஸிலும் பதில் இல்லை. அம்மா வியாபாரத்துக்குப் போகாமல் துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். இந்த நேரத்தில் பண்டிகை வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னபோது, "நல்லது நடக்கற வூட்ல நல்ல சேதி வரும்" என்று அம்மா மறுத்துவிட்டாள்.

பண்டிகை தொடங்கும் சாயங்காலம். நாங்கள் மாடி ஏறியபோது மாமா பச்சைத் தென்னை ஓலை பரப்பி, அதன்மேல் நீலத் தார்ப்பாயை வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டி முடித்திருந்தார். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. கூரை வழியாக வானம் தெரிய வேண்டும். இல்லையென்றால் அது குடிலே இல்லை. பொழுது சாய்ந்து பண்டிகை பிறந்துவிட்டால் கட்டவும் கூடாது, அவிழ்க்கவும் கூடாது. நான் மொழிபெயர்த்தேன்.

"கெயக்கால மேகம் ஏறிகினு கீது. ஓட்டக் கூர போட்டேன்னு தெரிஞ்சா குப்பத்துல எவன் என்ன மதிப்பான்?" என்றார் மாமா. அவர் தொழிலில் ஒழுகும் கூரையைவிட அவமானம் கிடையாது.

கூரை ஒழுகத்தான் வேண்டும் என்றாள் அவள். நம்மைக் காப்பது கூரை இல்லை என்று உடம்புக்கே தெரிவதற்காகத்தானாம் இப்படி. அதை நான் தமிழில் சொல்லி முடித்ததும், படியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள்.

"அங்க உம் மச்சான இன்னா தார்ப்பாயா காப்பாத்திகினு கீது? அவுத்து வுடுடா."

மாமா யோசிப்பதற்குள் அம்மாவே முடிச்சைப் பிடித்து இழுத்தாள். நானும் ஒரு மூலையை அவிழ்த்தேன். மேற்கே மணலி பக்கம் வெளிச்சம் மங்கும் முன்னே தார்ப்பாய் கீழே விழுந்தது.

அந்தப் பெண் மெழுகுவத்தி ஏற்றி, திராட்சைச் சாற்றின்மேல் வாழ்த்துச் சொல்லிக் குடித்தாள். மேகத்துக்குள் பௌர்ணமி நிலா வருவதும் மறைவதுமாக இருந்தது. நல்ல மழை வந்தால் உள்ளே போய்விடலாம், கடவுளே அனுமதிக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தாள். தூறல்தான் விழுந்தது. அம்மாவின் சாப்பாட்டில் துளி துளியாகச் சொட்டியது. அம்மா தட்டை நகர்த்தவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே, யாரென்று தெரியாத ஒருவரிடம், அப்பாவைக் கொடுத்துவிடு என்று கேட்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கேட்டேன். அப்போது எந்தத் தகவலும் வந்திருக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். யாரோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

மறுநாள் மதியம் ஆந்திரக் கரையிலிருந்து போன் வந்தது. இன்ஜின் கெட்டு, பேட்டரியும் செத்து, லாஞ்சு மிதந்து போயிருக்கிறது. மீனுக்குப் போடும் ஐஸ் தீர்ந்துபோய் வழக்கத்துக்கு முன்பே கரை திரும்பிக்கொண்டிருந்த ஒரு தெலுங்குக்காரர் படகு அதைக் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. தற்செயல் என்று என் படிப்பு சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும். படியளக்கிறவன் ஐஸையும் அளந்துதான் போடுவான் போலிருக்கிறது.

அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். குடிலைப் பார்த்து, "இன்னா நைனா, மாடியில கொட்டாய்? கண்ணாலமா?" என்று கேட்டுவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்து மூன்று தட்டு சோறு சாப்பிட்டார்.

இன்ஜின் சரியானதும் மறுபடி கடலுக்குப் போனார். வேறென்ன செய்வார்? காசிமேட்டில் அம்மா சூடம் ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்று காற்றில் அணையாமல் கையால் மறைத்துப் பிடித்தேன். பயம் போகவில்லை. பயத்தைச் சொல்ல இப்போது ஓர் ஆள் இருக்கிறார்.