சனீப்ப என்றால் சுகம்

கனடாவில் அரசாங்கமே பெண்களின் கர்ப்பப்பையை விசாரித்துக் கடிதம் போடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மின்சார பில்லும் பீட்ஸாக் கடை விளம்பரமும் வருகிற அதே தபால் பெட்டியில், ‘நீங்கள் சோதனைக்கு வரவேண்டிய காலம் வந்துவிட்டது’ என்று என் பெயர் போட்டுக் கடிதம் வரும். கண்டிப் பக்கம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் கடிதத்தைக் கண்டதும் கூச்சத்தில் காது சூடாகி, வீட்டுக்காரர் கண்ணில் படாமல் அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தேன். அடுத்த இரண்டும் அங்கேதான் போயின. நான்காவதை என் மகள் எடுத்துவிட்டாள். “உங்களுக்கு மூளை இருக்கா அம்மா?” என்று கத்தி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். அந்தச் சோதனையில் ஏதோ சரியில்லை என்று வந்தது. சதையில் துளி வெட்டிப் பார்க்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு வா என்றார்கள்.

போன கிழமை போனேன். உள்ளே என்னைத் தனியாகத்தான் விட்டார்கள். கட்டிலில் படுக்கவைத்த தாதி நல்ல மனுஷி, சிரித்த முகம். என் தோளைத் தொட்டு, “வி வில் மேக் யூ கம்ஃபர்ட்டபிள்” என்றாள். அவ்வளவுதான். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஐ ஆம் டையிங்?” என்று கேட்டேன். அவள் பயந்துபோய், “நோ, நோ! பில்லோ, ஒன்லி பில்லோ!” என்று கையிலிருந்த தலையணையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். என் ஆங்கிலம்தான் போதாது என்று நினைத்திருப்பாள் பாவம். ஆங்கிலத்தில் ஒரு கோளாறும் இல்லை. அந்தச் சொல்லை நான் ஏற்கனவே ஒருமுறை, கண்டியில், வேறு பாஷையில் கேட்டிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை, சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. தோட்டத்தில் கொழுந்து பறித்த, எங்கள் லயத்துப் பாக்கியம் அக்காவுக்கு ஒரு வருஷமாக இரத்தம் போய்க்கொண்டிருந்தது. நிற்கிற வயசு, அப்படித்தான் போகும் என்று சுற்றியிருந்தவர்கள் சொல்ல, அவளும் நம்பினாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தது ஆம்பிளை. அவரிடம் போய் எதைச் சொல்வாள்? மலையில் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் எனக்கே தெரிந்தது. சிங்களம் தெரிந்தவள் என்று நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். டொக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, மெதுவான குரலில் என்னிடம் சொன்னார்: “சனீப்பெட்ட தியாகமு.”

சனீப்ப. கடைக்கு வரும் சிங்களப் பெண்கள் காய்ச்சல் விட்டவர்களைப் பார்த்து “தென் சனீப்பத?” என்பார்கள். இப்போது சுகமா என்று அர்த்தம். நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை. “அக்கா, சுகமாக்கிருவாங்களாம்!” என்றேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நோவில்லாமல் வைத்துக்கொள்வோம் என்பதற்கும் அதே சொல்தான் என்பது என் கெட்டிக்கார மண்டைக்கு எட்டவில்லை.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அவளுடைய ஒரே மகள் கலாவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “எதுக்குடி? சுகமாயிரும்ல. காண்ட்ராக்ட முடிச்சிட்டு வரட்டும், புள்ளையப் பதற வைக்காத” என்றாள்.

டொக்டர் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பிய இடம், டவுனுக்குச் சற்று வெளியே ஒரு அமைதியான வீடு. பத்துக் கட்டில் இருக்கும். நல்ல மருந்து கொடுத்துத் தேற்றி அனுப்புகிற இடம் என்றே நினைத்தேன். முதல் நாளே குடிக்க ஒரு பாணி மருந்து கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சுருண்டு கிடந்தவள் காலை நீட்டித் தூங்கினாள். வெந்நீரில் துடைத்து, தலை வாரி, அவளுக்குப் பிடித்த பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். முகம் தெளிந்ததைப் பார்த்து, அங்கே வேலை செய்த பரீதா தாத்தாவிடம் (முஸ்லிம் பேச்சில் தாத்தா என்றால் அக்கா), “எப்ப துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவாங்க?” என்று கேட்டேன். அவர் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“தங்கச்சி, இது நோவக் கொறைக்கிற எடம். நோயக் கொறைக்கிற எடமில்ல. ஊட்டு ஆளுகள வரச் சொல்லுங்க.”

அந்தப் பயத்தை எப்படி எழுதுவது? உள்ளே போனால் அக்கா, “சுகமானதும் தலதா மாளிகைப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டுத்தான் லயத்துக்குப் போறது” என்கிறாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு நாள் ஓட்டினேன். சாவுக்குப் பயந்தேனா, அவள் முகத்துக்குப் பயந்தேனா, தெரியாது. ஒன்பதாம் நாள் சொன்னபோது அவள் அழவில்லை. “கலாவ வரச் சொல்லு” என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கலா வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஐந்து நாள்.

‘அம்மாவுக்குத் திடீர்னு முடியாமப் போச்சு’ என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யோடுதான் கல்யாணம் முடித்துக் கனடாவுக்கு ஏறினேன். இங்கே வந்த பிறகு இருபது வருஷத்துக்கு மேலாகக் கிழமைக்கொருமுறை, கண்டியிலேயே தங்கிவிட்ட அவளுடன் பேசுகிறேன்; விலைவாசி, பிள்ளைகள், மழை எல்லாம் பேசுவோம். அதை மட்டும் தொட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த நாள் காலை அவளைக் கூப்பிட்டேன். முதலில் என் சோதனையைச் சொன்னேன். “இதே சோதனை அங்க வெல் வுமன் கிளினிக்குல செய்வாங்க, நீயும் போடி. மிட்வைஃப் பொம்பளதான், கூச்சப்படாத. அம்மா மாதிரி மறைக்காத” என்றேன். அப்புறம் சனீப்பவைச் சொன்னேன். எட்டு நாளையும் சொன்னேன்.

போனில் அவள் வீட்டு ரேடியோ மட்டும் கேட்டது.

“தெரியாமச் சொன்னத விடுங்க சித்தி” என்றாள் கடைசியில். “டொக்டர் சொன்னது எனக்கே அப்படித்தான் வெளங்கியிருக்கும். ஆனா அந்த எட்டு நாளு... அது எனக்குச் சேர வேண்டிய நாளு சித்தி. அத எப்படி நீங்க வச்சிக்கிட்டீங்க?”

பயந்துவிட்டேன் என்பதைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? அதைத்தான் சொன்னேன். இப்போதும் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். ஒன்றும் ஆகாது என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

“ரிசல்ட்டு என்னைக்கு?”

“வியாழக்கிழம, காலையில.”

“என்ன வந்தாலும் அன்னைக்கே எனக்குச் சொல்லணும். ஒரு நாளும் தள்ளக்கூடாது. நான் போனக் கையில வச்சிக்கிட்டு இருப்பேன்.” எனக்குக் காலை என்றால் அவளுக்கு இரவு; அதை நினைத்தோ என்னவோ, “நம்ம வியாழனா சித்தி, இல்ல உங்க வியாழனா?” என்றாள்.

நம்ம என்றதிலும் நான் இருந்தேன். உங்க என்றதும் என்னைத்தான். எந்த வியாழன் என்று மட்டும் எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை.