உப்பில் புதைத்த வில்லை

ரோஸ்விதாவுக்கு நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஜெர்மனியில் ஆகன் நகரத்தை ஒட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் உலை பார்த்தவள் அவள். நான் அடுத்த அறையில் சோதனைக் குழாய்களுக்காகக் கண்ணாடி ஊதுகிறவன்.

டைட்டானியம், அலுமினியம், கரி மூன்றும் அடுக்கடுக்காகக் கூடிய பீங்கானை அங்கே செய்தார்கள். சூடும் தாங்கும், ரம்பத்தால் அறுக்கவும் வரும். அதற்கு ஆயிரத்து நானூறு டிகிரி வேண்டும், காற்றும் படக்கூடாது. ரோஸ்விதாதான் முதன்முதலாகப் பொடியை வில்லையாக அழுத்தி உப்பில் புதைத்துச் சுட்டாள். உப்பு உருகிக் காற்றைத் தடுத்தது, ஆயிரம் டிகிரியிலேயே பீங்கான் கூடிவிட்டது. ஆறியதும் உப்பைத் தண்ணீரில் கரைத்தால் போதும். எங்கள் தொழிலில் ஆயிரம் டிகிரியைக்கூடக் குறைந்த வெப்பம் என்றுதான் சொல்வோம், சிரிக்காதீர்கள்.

அந்த முறைக்கான காப்புரிமை விண்ணப்பத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் டெட்மரிங் பெயர் மட்டும் இருந்தது. ஊரான் பிள்ளைக்குத் தன் இனிஷியலைப் போட்டுக்கொண்ட மனுஷன்! அவள் நேரே போய்க் கேட்டாள்.

"என் பேர் எங்க டாக்டர்?"

"உலை ஏத்துறவங்க பேரைப் போட்டா, பாத்திரம் கழுவுறவங்க பேரையும்ல போடணும்?"

பக்கத்து அறையில் அதைக் கேட்ட நான் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் அந்த முறையைப் பார்க்க வந்தார். டெட்மரிங் தானே சுட்டுக் காட்டினார். ஆறும்வரை பொறுமை இல்லை. கொதிக்கக் கொதிக்க உப்பை வடித்தார். காற்றுப் பட்ட வில்லை கண்ணெதிரே வெளுத்துப்போனது.

"என்னய்யா இது, சுண்ணாம்பா?" என்றார் இயக்குநர்.

"ரோஸ்விதா குடுத்த உப்பு சரியில்ல போல சார்."

"உப்புக்கு ஒரு கேடும் இல்ல," என்றாள் ரோஸ்விதா. "உருளைக்கிழங்கு வெந்த தண்ணியா இது, சுடச்சுட வடிக்க?"

உலையை ஏற்றுகிறவர் யாரானாலும் உலைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அதை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் காலி வரியைத் தேடிப் புரட்ட, இயக்குநர் எட்டிப் பார்த்தார். உப்பில் சுட்டது அறுபத்தொரு தடவை, அத்தனையிலும் ரோஸ்விதாவின் கையெழுத்து.

"டெட்மரிங், உங்க கையெழுத்து எங்கயும் காணோமே?"

"இப்பத்தான் போடப்போறாரு," என்றாள்.

போட்டார். ஒரு வாரத்தில் விண்ணப்பத்தில் அவள் பெயரும் ஏறியது, இரண்டாவதாக. அவளுக்கு அதுவே போதுமாம். எனக்குப் போதாது. ஒரு வில்லைகூட உருப்படியாகச் சுடாதவன் பெயர் இன்னும் அவளுக்கு மேலே இருக்கிறது.